எனக்கு முன்னே போய்ச் சேர்ந்த பெயர்

33 வயதில் எனக்கு ஒரு பெயர் கிடைத்தது: ‘தேதி தவறாதவர்’. இயந்திர பாகங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் சிறியதோர் உற்பத்திப் பிரிவுக்கு அப்போது நான் பொறுப்பாளர். எனக்கு முன்பிருந்தவர்கள் இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்த ஒரு பெரிய ஆர்டரை, சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவைத்தேன். அதன் பிறகு அலுவலகத்தில் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் அந்த இரண்டு சொற்களும் கூடவே வந்தன. அடுத்த ஆறு ஆண்டுகளில் இரண்டு பதவி உயர்வுகள் கிடைத்தன; இரண்டிலும் என்னைவிட அனுபவம் மிக்கவர்கள் போட்டியில் இருந்தார்கள். அந்தப் பெயரை நான் விரும்பினேன், அதைக் காப்பாற்றப் பாடுபட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 40 வயதில் ஒரு முழுத் தொழிற்சாலையின் தலைமைப் பொறுப்பை ஏற்று வேறொரு வளாகத்துக்குப் போனபோது, நான் போவதற்கு முன்பே அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கியிருந்தது. அது என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவர ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது.

அந்தத் தொழிற்சாலையின் ஹீட் ட்ரீட்மென்ட் பிரிவில், அதாவது பாகங்களை உலையில் சூடாக்கிப் பதப்படுத்தும் இடத்தில், ஓர் உலையின் வெப்பத்தைக் காட்டும் தெர்மோகப்பிள் பழசாகி, உள்ளே இருக்கும் வெப்பத்தைவிடக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது. காட்டிய எண்ணை நம்பி உலையை இயக்கியதால், டெம்பரிங் செய்யும்போது, அதாவது கடினமாக்கிய பாகங்கள் நொறுங்காதிருக்க அவற்றை மறுபடி அளவாகச் சூடாக்கும்போது, அவை தேவைக்கு மேல் சூடேறின. சோதனையில் அவற்றின் ஹார்ட்னஸ், அதாவது கடினத்தன்மை, வாரத்துக்கு வாரம் கீழ் எல்லையை நோக்கி இறங்கியது. அந்த ஷிஃப்ட்டின் மேற்பார்வையாளர் இதைக் கவனித்துவிட்டார். தெர்மோகப்பிளை மாற்றி, உலைக்குள் எல்லா இடத்திலும் வெப்பம் சீராக இருக்கிறதா என்று அளந்து பார்க்க இரண்டு நாட்கள் உலையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அந்த மாதம் சரக்கு அனுப்பும் தேதி தள்ளிப்போகும். ஐந்து வாரங்கள் அவர் அதைத் தமக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அளவுகளை அடிக்கடி சரிபார்த்தும் உலையின் வெப்பத்தைக் கொஞ்சம் இறக்கி வைத்தும் சமாளித்துப் பார்த்தார். ஆறாவது வாரம், எல்லைக்குக் கீழே போன ஒரு பேட்ச் வாடிக்கையாளரின் கைக்குப் போய்விட்டது. அதைத் திரும்பப் பெற்று, ஒவ்வொரு பாகத்தையும் சோதித்து முடிக்க மூன்று வாரங்கள் ஆயின.

விசாரணையின்போது அவரைத் தனியே உட்காரவைத்து, ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்டேன். “உங்களிடம் தாமதம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று எல்லோரும் சொன்னார்கள், சார்” என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. இருக்கும் விதியைத் தெரிந்துகொண்டு அதன்படி நடந்தவரின் அமைதியே இருந்தது. அவர் பணியில் சேர்ந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. அதுவரை நான் அவரிடம் பேசியது மூன்று முறைதான். மூன்று முறையும் இயல்பாகவே பேசியிருந்தேன். என்னிடம் ஒரு கடுஞ்சொல்கூடக் கேட்டிராத ஒருவர், என்னைப் பற்றிக் கேள்விப்பட்டதை வைத்தே என்னிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கடிந்து பேசியதால் வந்த கெட்ட பெயர் என்றால், இனி கடிந்து பேசாமல் இருந்து அதை மாற்றலாம். நான் இல்லாத அறைகளில், நான் பேசாத சொற்களைக் கொண்டு என் பெயர் ஆட்சி செய்துகொண்டிருப்பதை எதைக் கொண்டு மாற்றுவது என்று எனக்குப் புரியவில்லை.

பெயர் என்றதும் மதிப்பு, பாராட்டு என்ற பொருளையே நாம் நினைக்கிறோம். பணியிடத்தில் அது இன்னும் கறாரான ஒரு வேலையைச் செய்கிறது. மேலே இருப்பவரிடம் இன்ன செய்தியைக் கொண்டுபோனால் இன்னது நடக்கும் என்று கீழே இருப்பவர்கள் போட்டு வைத்திருக்கும் கணக்கு அது. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் ஒருவர் கெட்ட செய்தியின் கூர்மையை மழுக்குகிறார், இன்னொருவர் நாளைக்குச் சொல்லலாம் என்று விடுகிறார், மூன்றாமவர் வேறு யாராவது சொல்லட்டும் என்று ஒதுங்குகிறார். நூறு பேர் நாள்தோறும் இப்படி நடந்துகொண்டால் அதுவே அந்த இடத்தின் பண்பாடாகிவிடும். எங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருந்த பலகையில் வெளிப்படைத்தன்மை என்ற சொல்லும் இருந்தது. ஆனால் புதிதாக வருபவர் முதல் வாரத்தில் பழையவர்களிடம் காதோடு கேட்டதுதான் அங்கே சட்டமாக இருந்தது.

ஃபோர்டு நிறுவனத்தின் தலைவராக ஆலன் முலாலி 2006 செப்டம்பரில் பொறுப்பேற்ற பிறகு நடந்தது, உற்பத்தித் துறையில் இருப்பவர்கள் பலரும் அறிந்த செய்தி. வியாழக்கிழமைதோறும் எல்லாப் பிரிவுத் தலைவர்களும் கூடி, தத்தம் பணிகளின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறமிட்டுக் காட்ட வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். 1,700 கோடி டாலர் வரை நஷ்டம் வரும் என்று நிறுவனமே எதிர்பார்த்திருந்த அந்த நேரத்தில், காட்டப்பட்ட தாள்கள் எல்லாம் பச்சையாகவே இருந்தன. புதியவரான முலாலி எப்படிப்பட்டவர் என்று அங்கே யாருக்கும் சரியாகத் தெரியாது. அவருக்கு முன்பிருந்த காலங்களில் குறையை ஒப்புக்கொண்டவர்களுக்கு நேர்ந்ததன் நினைவே அந்தத் தாள்களுக்கு நிறம் பூசியது. மார்க் ஃபீல்ட்ஸ் என்ற அதிகாரி, எட்ஜ் என்ற புதிய வாகனத்தை வெளியிடுவதில் இருந்த சிக்கலை முதன்முதலாகச் சிவப்பில் காட்டியபோது, முலாலி கைதட்டினார். இதில் யார் உதவ முடியும் என்று மற்றவர்களைக் கேட்டார். அதற்கடுத்த வாரங்களில் மற்றவர்களின் தாள்களிலும் மஞ்சளும் சிவப்பும் தென்படத் தொடங்கின. 2014-இல் முலாலி ஓய்வுபெற்றபோது அவருடைய இடத்துக்கு வந்தவர் அதே ஃபீல்ட்ஸ்தான். இதை நான் என் தொழிற்சாலைச் சம்பவத்துக்கு முன்பே படித்து வியந்திருந்தேன். எனக்கு வரும் தாள்களும் பச்சையாகவே இருக்கின்றனவே என்று ஒரு நாளும் யோசிக்காமல் வியந்திருந்தேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

மனிதவளப் பிரிவின் தலைவியிடம் போய், ஊழியர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் மறுத்துவிட்டு, அதைவிட நல்ல கேள்வி ஒன்றைச் சொன்னார்: “புதிதாகச் சேருபவர்களிடம் உங்களைப் பற்றி என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்று கேட்போம்.” என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் யாரும் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் புதியவருக்குக் கொடுக்கும் அறிவுரையை ஒருவர் தம் கருத்தாக எண்ணுவதில்லை, அதனால் தயங்காமல் சொல்லிவிடுவார் என்பது அவருடைய கணிப்பு. அது சரியாகவே இருந்தது. மூன்று வாரங்களில், பெயர் குறிப்பிடாமல், 23 வாக்கியங்களை ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தார். இந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு செயலை எடுத்துக்கொள்ள விரும்பும் நிர்வாகி யாராவது இருந்தால், இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளும்படி வேண்டுவேன்.

அந்த 23 வாக்கியங்களில் பெரும்பாலானவை நல்லவை. நியாயமானவர், சொன்ன சொல் தவறாதவர், தம் ஆட்களுக்கு வெளியே ஒரு பிரச்சினை என்றால் முன்னால் நிற்பவர் என்றெல்லாம் இருந்தன. இடையில் வேறு சில இருந்தன. ‘தேதி கேட்டால் தேதியை மட்டும் சொல், காரணம் சொல்லாதே.’ ‘வாய் பேசாமல் பேனாவை மூடி வைத்தால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.’ நான் பேனாவை மூடி வைப்பேன் என்பதே எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும்விட என்னைத் தாக்கியது ஏழு பேர் தனித்தனியே சொன்ன ஒரு வாக்கியம்: ‘தீர்வு கையில் இல்லாமல் அவரிடம் பிரச்சினையைக் கொண்டு போகாதே.’ அது நானே சொன்னது. பல கூட்டங்களில் பெருமையோடு சொல்லியிருக்கிறேன். ஊழியர்களைச் சிந்திக்க வைக்கும் நல்ல பழக்கம் என்று மனதார நம்பியும் இருந்தேன். அதன் விளைவை இப்போது நேரில் பார்த்தேன். எளிய பிரச்சினைகளுக்குத் தீர்வு சுலபமாகக் கிடைக்கும், அவை என்னிடம் வந்தன. தீர்வு தெரியாத பிரச்சினைகள், அதாவது நான் அவசியம் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவை, கீழேயே தங்கின. அந்த மேற்பார்வையாளரிடம் உலையை நிறுத்தாமல் சரிசெய்யும் வழி இல்லை, ஆகவே என்னிடம் வருவதற்கான அனுமதிச் சீட்டும் இல்லை.

திருத்திக்கொள்ளத் தொடங்கியபோது முதலில் நான் செய்தவை பயன்படவில்லை. எல்லோரையும் கூட்டி, இனி எந்தச் செய்தியானாலும் தயங்காமல் சொல்லுங்கள் என்று அறிவித்தேன். என் அறைக் கதவு எப்போதும் திறந்திருக்கும் என்றேன், திறந்தே வைத்தேன், யாரும் வரவில்லை. வாராந்தரக் கூட்டத்தில் ‘எப்போது முடியும்’ என்று கேட்பதை விட்டுவிட்டு ‘எது தடையாக இருக்கிறது’ என்று கேட்கத் தொடங்கினேன். ஏழு வாரங்கள் ‘தடை ஒன்றும் இல்லை, சார்’ என்ற பதிலே வந்தது. பல ஆண்டுகளில் பார்த்தும் கேட்டும் உறுதிப்பட்ட ஒரு கணக்கை, ஒரு நாள் மேடையில் நின்று பேசிய பேச்சை நம்பி யார் மாற்றிக்கொள்வார்கள்? அவர்கள் இடத்தில் இருந்திருந்தால் நானும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன்.

மாற்றம் தொடங்கியது ஒரு மாதக் கடைசியில். வண்டியில் ஏற்றத் தயாராக இருந்த சரக்கைப் பற்றி, தரப் பரிசோதனையில் சேர்ந்து அதிக நாள் ஆகாத ஓர் இளைஞர், தமக்கு ஓர் அளவில் சந்தேகம் இருப்பதாகத் தம் மூத்தவரிடம் மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன எனக்கு அது காதில் விழுந்தது. என்ன சந்தேகம் என்று கேட்டேன். அவரால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. வண்டியை நிறுத்தச் சொன்னேன். மறுநாள் மாலை வரை எல்லாவற்றையும் மீண்டும் அளந்தார்கள். சரக்கில் ஒரு குறையும் இல்லை, அந்த இளைஞர் எடுத்த அளவில்தான் பிழை. அந்த மாதத்தின் இலக்கு தவறியது. ‘தேதி தவறாதவர்’ இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாகத் தேதி தவறினார். வாடிக்கையாளரை நானே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அந்த வாரக் கூட்டத்தில், சந்தேகம் வந்ததும் வாய் திறந்ததற்காக அந்த இளைஞருக்கு நன்றி சொன்னேன். அவருடைய சந்தேகம் சரியாக இருந்திருந்தாலும் இதே நன்றியைத்தான் சொல்லியிருப்பேன் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவருடைய சந்தேகம் தவறாக அமைந்ததுதான் எங்களுக்குக் கிடைத்த பேறு என்று இப்போது நினைக்கிறேன். அவர் சொன்னது சரியாக இருந்திருந்தால், ‘பிழையைக் கண்டுபிடித்தார், அதனால் பாராட்டினார்’ என்ற வழக்கமான கதையாகவே அது பரவியிருக்கும், சரியாகச் சொல்ல முடிந்தவர்கள் மட்டுமே சொல்ல வேண்டும் என்ற பழைய விதியும் அப்படியே இருந்திருக்கும். தவறான சந்தேகத்துக்காக ஒரு மாத இலக்கை இழந்துவிட்டு அதைச் சொன்னவருக்கு நன்றியும் கூறினார் என்ற செய்தி மூன்று ஷிஃப்ட்களுக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தது. ஒரு பெயரை இன்னொரு பெயரால் மாற்ற வேண்டுமானால், அதற்காக நாம் எதையாவது இழந்ததை மற்றவர்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். இழப்பில்லாமல் செய்யும் நல்ல செயல்களைப் பற்றி யாரும் அடுத்தவரிடம் போய்ச் சொல்வதில்லை.

அதற்குப் பின்னும் எல்லாம் சீராகச் செல்லவில்லை. வாரப் பதிவேட்டில் எழுதப்படும் பிரச்சினைகளின் எண்ணிக்கை நான்கு மாதங்களில் மூன்று மடங்குக்கும் மேல் ஆயிற்று. இயக்குநர் குழுவில் ஒருவர், உங்கள் தொழிற்சாலை சீர்கெட்டு வருகிறதே என்று வருத்தத்தோடு கேட்டார். ஏமி எட்மன்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களிடையே நடத்திய ஆய்வை அவருக்கு எடுத்துச் சொன்னேன். சிறப்பாக ஒன்றிணைந்து பணியாற்றும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தவருக்கு, அத்தகைய குழுக்களிலேயே அதிகமான பிழைகள் பதிவாகியிருப்பது தெரியவந்தது. அவர்கள் அதிகமாகத் தவறு செய்தார்கள் என்பதைவிட, செய்த தவறுகளை மறைக்காமல் பேசினார்கள் என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கமாக அவருக்குப் பட்டது. இயக்குநர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவரை நம்பவைத்தது அந்த ஆய்வு அன்று. அடுத்த ஆண்டு வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பி வந்த சரக்கின் அளவு குறைந்ததைப் பார்த்தபோதுதான் நம்பினார். மேலே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காமல் இந்த வழியில் இறங்குபவர், முதல் ஆறு மாதங்களிலேயே பெயரைக் கெடுத்துக்கொள்வார். நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

இதற்கிடையில், நிறுவனத்தின் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பொறுப்பான உயர்பதவி காலியானது. என் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது. பதவி வேறொருவருக்குப் போயிற்று. காரணம் கேட்டபோது நிர்வாக இயக்குநர் மழுப்பாமல் பதில் சொன்னார், அதற்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். “உங்களைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. உங்கள் கீழே முன்பு வேலை செய்து, இப்போது வேறு இடங்களில் இருக்கும் ஐந்து பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டோம்: மறுபடியும் அவரிடம் வேலை செய்ய வருவீர்களா? இரண்டு பேர் உடனே ஆம் என்றார்கள். மூன்று பேர் யோசித்துவிட்டு, அவரிடம் நிறையக் கற்றுக்கொண்டேன் என்றார்கள்.” நான் தொலைபேசி எண் கொடுத்த பரிந்துரையாளர்கள் அந்த ஐந்து பேரில் ஒருவரும் இல்லை. உயர்பதவிக்கு ஆள் எடுப்பவர்கள், விண்ணப்பதாரர் தரும் பட்டியலுக்கு வெளியே விசாரிப்பதையே பெரிதும் நம்புகிறார்கள் என்பதை அப்போது அறிந்தேன். பதவியில் மேலே போகப் போகத் தனிப்பட்ட திறமையை அளந்து பார்க்கும் வாய்ப்பு குறைகிறது; பலருடைய உழைப்பு கலந்த விளைவில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப, நம்மோடு இருந்தவர்களின் சொல்தான் மிஞ்சுகிறது.

சில ஆண்டுகள் கழித்து, அத்தகைய தேர்வுக் கூட்டங்களில் நானும் உறுப்பினராக உட்கார்ந்தேன். நான்கு மணி நேரத்தில் 40 பெயர்களைப் பேசி முடிப்போம், ஒருவருக்கு ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் ஒருவருடைய பல ஆண்டு உழைப்பு ஒரே வாக்கியமாகச் சுருங்குவதைப் பார்க்க மனம் பதைத்தது. ஒரு பெண் அதிகாரியின் பெயர் வந்தபோது, ‘அறிவாளி, ஆனால் முடிவெடுக்கத் தயங்குவார்’ என்றார் ஒருவர். வேறு இருவரும் ஆமோதித்தார்கள். எனக்கு அந்தச் சூடு தெரியும் என்பதால், எந்த நிகழ்ச்சியில், எந்த ஆண்டில், நேரில் பார்த்தது யார் என்று கேட்டேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்தில் அவர் இரண்டு வாரம் அவகாசம் கேட்டது ஒன்றுதான் வெளியே வந்தது. அந்த அறையில் இருந்த எவரும் அதை நேரில் பார்த்தவர் அல்லர். அந்த இரண்டு வாரத்தில் அவர் கண்டுபிடித்த ஒரு குறையால் திட்டமே திருத்தப்பட்டது என்பது பழைய கோப்பை எடுத்துப் பார்த்தபின் தெரிந்தது. அன்று முதல், நான் உட்காரும் எந்தக் கூட்டத்திலும் இந்த மூன்று கேள்விகளைக் கேட்காமல் ஒரு வாக்கியத்தைப் பதிவுசெய்ய விடுவதில்லை. ஆண் ஒருவர் காட்டும் கண்டிப்பு ‘கறார்’ என்று பெயர் பெறுவதையும், அதே கண்டிப்பு பெண்ணிடமிருந்து வரும்போது ‘சிடுசிடுப்பு’ என்று குறிக்கப்படுவதையும் நான் அந்தக் கூட்டங்களில் பல முறை கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டவுடனே நிறுத்திக் கேள்வி எழுப்பினால்தான் உண்டு; பிறகு எழுத்தில் பார்த்தால் அது ஒரு நடுநிலையான மதிப்பீடு போலவே தோன்றும்.

நல்ல பெயரும் இதே போலக் கண்ணை மறைக்கிறது. எட்வர்ட் தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-இலேயே இதைக் காட்டிவிட்டார். ராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருப்பவர்களின் உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்டபோதும், ஒன்றில் உயர்ந்த மதிப்பெண் பெற்றவர் மற்றவற்றிலும் உயர்ந்தே காணப்பட்டார். அதிகாரிகளின் மனத்தில் இருந்த ஒட்டுமொத்த எண்ணம் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் கசிந்திருந்தது. இந்தக் கசிவை நம்பி ஒரு நிறுவனமே அடகுவைக்கப்பட்டதற்குச் சன்பீம் என்ற அமெரிக்க நிறுவனம் சாட்சி. ஆட்குறைப்பு செய்து நிறுவனங்களை நிமிர்த்துபவர் என்று பெயரெடுத்த ஆல்பர்ட் டன்லப் 1996 ஜூலையில் அதன் தலைவராக வருகிறார் என்ற அறிவிப்பு வந்த ஒரே நாளில், அதன் பங்கு விலை ஏறத்தாழ 50 சதவீதம் ஏறியது. அவர் இன்னும் நாற்காலியில்கூட உட்காரவில்லை. 12,000 ஊழியர்களில் பாதிப் பேரைக் குறைக்கப்போவதாக சில மாதங்களில் அறிவித்தார். 1998 ஜூனில் இயக்குநர் குழு அவரை நீக்கியது. 1997-ஆம் ஆண்டுக்கான கணக்குகளைத் திருத்தி வெளியிட வேண்டியதாயிற்று. 2001-இல் நிறுவனம் திவால் பாதுகாப்பு கோரியது. 2002-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்துடன் செய்துகொண்ட சமரசத்தின்படி, பொது நிறுவனங்களில் அதிகாரியாகவோ இயக்குநராகவோ இருக்க அவருக்குத் தடை வந்தது. முந்தைய பெயருக்கு ஏற்ற எண்களைக் காட்டியே தீர வேண்டும் என்ற நெருக்கடி ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதை நினைத்தால் எனக்குக் கலக்கமாக இருக்கிறது. என் பெயரோடு ஒப்பிட முடியாத அளவு பெரியது அவருடைய பெயர். ஆனால் மாதக் கடைசியில் வண்டி புறப்பட்டே ஆக வேண்டும் என்று எனக்குள் இருந்த அழுத்தமும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தனி மனிதருக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் இது நடக்கிறது. ஒரே வாடிக்கையாளருக்குப் பல சேவைகளை விற்பதில் வல்லது என்று முதலீட்டாளர்களிடம் பெயர் பெற்றிருந்த வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கியில், அந்தப் பெயரைக் காப்பாற்றும் சுமை கிளை ஊழியர்களின் தலையில் இறங்கியது. வாடிக்கையாளருக்குத் தெரியாமலே லட்சக்கணக்கில் கணக்குகள் தொடங்கப்பட்டிருந்தது 2016 செப்டம்பரில் வெளியாகி, 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் இது தொடர்பாக ஏறத்தாழ 5,300 ஊழியர்களை வங்கி பணிநீக்கம் செய்திருந்தது. தலைவர் ஜான் ஸ்டம்ஃப் அக்டோபரில் பதவி விலகினார். இப்படிப்பட்ட செய்திகளில் நான் முதலில் தேடுவது, தவறில் எந்தப் பங்கும் இல்லாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான். முறைகேட்டில் சிக்கிய நிறுவனத்தின் பெயர் வாழ்க்கைக் குறிப்பில் இருந்தாலே போதும், அந்த முறைகேட்டோடு தொடர்பே இல்லாத உயர் அதிகாரிகள்கூட அடுத்த வேலையில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 4 சதவீதம் குறைவாகச் சம்பளம் பெற்றதாக, ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டார்கள். ஆகவே, ஒரு நிறுவனத்தில் உயர்பதவிக்குச் சேருவதற்கு முன், அந்த நிறுவனம் உங்களைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு நீங்களும் அதைப் பற்றி விசாரியுங்கள் என்று இளையவர்களிடம் சொல்கிறேன். அங்கிருந்து விலகியவர்களிடம் கேளுங்கள். கடைசியாக ஒரு கெட்ட செய்தியை மேலே கொண்டுபோனவர் யார், அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலை நான் எந்த ஆண்டறிக்கையைவிடவும் நம்புவேன்.

என் தொழிற்சாலையில் நிலைமை மாறியது என்று நானே நம்பத் தொடங்க ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அப்போது மனிதவளப் பிரிவின் தலைவி அதே கேள்வியை மறுபடி கேட்டு, இன்னொரு தாளைக் கொண்டுவந்தார். ‘தீர்வு இல்லாமல் போகாதே’ என்ற வாக்கியம் இன்னும் இருந்தது. ஏழு பேருக்குப் பதில் இரண்டு பேர் சொல்லியிருந்தார்கள். ‘அளவில் சந்தேகம் என்றால் வண்டியை நிறுத்துவார், பயப்படாமல் சொல்’ என்ற புதிய வாக்கியம் ஒன்று வந்திருந்தது. பேனாவைப் பற்றிய வாக்கியம் காணவில்லை. கூட்டங்களுக்குப் பேனா எடுத்துப்போவதையே நான் நிறுத்தியிருந்தேன்.

அந்த ஹீட் ட்ரீட்மென்ட் மேற்பார்வையாளர் இந்த இரண்டாவது தாளைப் பார்க்கும் அளவுக்கு எங்களோடு இருக்கவில்லை. விசாரணையில் அவருக்குத் தண்டனை எதுவும் தரக் கூடாது என்று நான் எழுதியிருந்தேன், தரப்படவும் இல்லை. ஆனாலும் அந்த மூன்று வாரங்கள் அவரைச் சுற்றி ஒரு பேச்சை உண்டாக்கிவிட்டன. நான்காவது மாதம் அவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். என் பெயர் என்னிடம் திரும்பி வந்து திருந்தியது, அவர் பெயர் கெட்டது என்னால்தான் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: தவறு அவருடையது அன்று, அவர் என்னிடம் வர முடியாதபடி அந்த இடத்தை வைத்திருந்தவன் நான், அவருடைய புதிய நிறுவனத்தில் யாரிடம் வேண்டுமானாலும் இதைச் சொல்லத் தயாராக இருக்கிறேன் என்று எழுதினேன். இரண்டு வரியில் பதில் வந்தது. கடிதத்துக்கு நன்றி என்றும், தாம் நலமாக இருப்பதாகவும், பதில் அனுப்பத் தாமதமானதற்கு மன்னிக்கும்படியும் எழுதியிருந்தார்.